கிணறும் கேட்டது, கெணறும் கேட்டுச்சு

மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தமிழ்ப் படப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே ஒரு தடங்கல் வரும். புத்தகத்தில் 'பூனை பால் குடிக்கிறது' என்று இருக்கும். பிள்ளைக்குத் தெரிந்த பூனையோ பால் 'குடிக்குது'. பாதிப் பேருக்கு வாய் தானாகவே 'குடிக்குது' என்று மாற்றிவிடும். மீதிப் பேர் வானொலிச் செய்திக் குரலில் 'குடிக்கிறது' என்று படிப்பார்கள். நாலாம் பக்கத்தில் பிள்ளை மடியை விட்டு இறங்கிப் போய்விடும்.

என் கட்சி இதுதான்: அச்சில் இருக்கும் வரியை இருக்கிறபடி படியுங்கள். அந்த வரிக்கு முன்னும் பின்னும் பேசுவதையெல்லாம் வீட்டுத் தமிழில் பேசுங்கள். இரண்டையும் கலக்கவும் வேண்டாம், ஒன்றுக்காக இன்னொன்றை விடவும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? பிள்ளை ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும்போது புதிதாகச் சந்திப்பது எழுத்துகளை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எழுத்துகளால் எழுதப்படும் தமிழும் அதற்குப் புதுசு. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல்லில் 14 எழுத்து. வீட்டில் அது 'வெளையாடிட்டு இருந்தாங்க'. இந்தச் சொல்லைப் படிக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை 'விளையாடி' வரை கூட்டிவிட்டால் மிச்சம் வாயில் தானாக வரும். கேட்டே இராத பிள்ளை 14 எழுத்தையும் ஒவ்வொன்றாக ஏறியாக வேண்டும். ஏறி முடிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோயிருக்கும்.

ஒலியிலும் இதே கதைதான். பேசும்போது 'இலை' எலையாகிறது, 'உடம்பு' ஒடம்பாகிறது, 'புகை' பொகையாகிறது. 'யானை' வெறும் 'யான'. 'மரம்' என்று சொல்கிறோம் என்று நினைக்கிறோமே, மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: உதடு மூடுவதே இல்லை, கடைசி 'ம்' மூக்கோடு கரைந்துவிடுகிறது. 'அவன்' என்பதில் 'ன்'னும் அப்படியே. பிறகு பிள்ளை 'எலை' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். அது காதால் கேட்டதைப் பிசகாமல் எழுதியிருக்கிறது. படித்துக் காட்டும்போது 'இலை' என்று தெளிவாகச் சொல்லி, 'மரம்' என்பதற்கு உதட்டை மூடினால் அந்த வடிவமும் காதில் ஏறிவிடும். அதற்காக ஒவ்வொரு 'ழ'வுக்கும் நாக்கை மடித்து மேடைத் தமிழ் பேச வேண்டியதில்லை. இயல்பான குரல், தெளிவான கடைசி எழுத்து, அது போதும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு கிணறு, பக்கத்தில் வாளி, கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தவளை. கீழே நாலு வரி:

தவளை கிணற்றை எட்டிப் பார்த்தது.
உள்ளே ஒரே இருட்டு.
'யார் உள்ளே?' என்று கேட்டது.
'யார் உள்ளே?' என்று கிணறும் கேட்டது.

முதல் தடவை இதை நிறுத்தாமல் படித்துவிடுங்கள். 'எட்டிப் பார்த்தது' வரும்போது கழுத்தை நீட்டிக் காட்டினால் சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடும், விளக்கம் வேண்டாம். நாலாம் வரியைக் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் இழுத்துப் படியுங்கள். உடனே பக்கத்தைத் திருப்பாமல், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை படத்தின் மேல் பிள்ளையின் கண் ஓடட்டும். முதல் வாசிப்பில் கேள்வி எதுவும் வேண்டாம். கதை எங்கே போகிறது என்றே தெரியாதவரை இடைமறித்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் பேச்சு. அது ஏறக்குறைய இப்படிப் போகும்:

'இங்க யாரு நிக்கிறா?'
'தவள.'
'ஆமா, பச்சைத் தவள. எங்க நிக்குது?'
'மேல.'
'கெணத்துச் செவுத்து மேல நிக்குது. விழுந்துருமோ?'
'விழாது. புடிச்சிருக்கு.'
'அட, ஆமா! காலால கெட்டியாப் புடிச்சிருக்கு.'

இதில் நடப்பதைப் பாருங்கள். பெரியவர் ஒரு கேள்வி கேட்கிறார். பிள்ளை சொன்னதை 'ஆமா' என்று ஏற்றுக்கொள்கிறார். ஒரு சொல்லாக வந்ததை இரண்டு மூன்று சொல்லாக நீட்டித் திருப்பிக் கொடுக்கிறார். பிள்ளை அடுத்த முறை அந்த நீண்ட வடிவத்தைச் சொல்ல வாய்ப்பும் தருகிறார். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் கூட்டாளிகளும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைத்தான் சோதித்தது. 21 முதல் 35 மாதம் வரையுள்ள குழந்தைகள். அவர்களுடைய பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவும் வீட்டில் படித்துக் காட்டியது. ஒரு குழுவுக்கு மட்டும் இப்படிக் கேட்டு நீட்டும் பழக்கம் கற்றுத் தரப்பட்டது. ஒரே மாதத்தில் அவர்களுடைய குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்தாலே ஆயிற்று என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நாலாவது, ஐந்தாவது தடவை வரும்போது கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள். 'யார் உள்ளே?' என்று கிணறும்… என்று நிறுத்தினால், பிள்ளை 'கேட்டது!' என்று கத்தும். கவனியுங்கள், 'கேட்டுச்சு' என்று கத்தாது. நாள் முழுக்கக் 'கேட்டுச்சு' என்று பேசும் வாய், புத்தகம் என்றதும் 'கேட்டது' என்கிறது. இரண்டு தமிழ் இருக்கிறது, இது இதற்கு என்று யாரும் இலக்கணம் சொல்லாமலே அதற்குப் பிடிபட்டுவிட்டது. நீங்கள் முதல் நாளிலிருந்தே 'கேட்டுச்சு' என்று மாற்றிப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. தடவைக்கு ஒரு விதமாக மாற்றிப் படித்திருந்தாலும் நடக்காது. வரி மாறிக்கொண்டே இருந்தால் எதை நினைவில் வைப்பது?

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வரி முக்கியமில்லை, படத்தைக் காட்டிப் பேசினாலே போதும். முதன்முதலாகப் புத்தகத்தைப் பார்க்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் முதல் முறை கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி வரியைப் படிக்கலாம். அதற்குமேல் அந்தச் சலுகையை நீட்டினால் புத்தகம் வெறும் படத்தொகுப்பாகிவிடும்.

கேள்வி கேட்கச் சொன்னேன் என்பதற்காக வினாடி வினா நடத்திவிட வேண்டாம். 'இது என்ன? இது என்ன கலர்? எத்தனை இருக்கு?' என்று பக்கத்துக்கு ஆறு கேள்வி போட்டால் பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே பரீட்சை என்றாகிவிடும். பக்கத்துக்கு ஒன்று, சில பக்கங்களுக்கு ஒன்றுகூட வேண்டாம். ஒற்றைச் சொல்லில் முடியாத கேள்வியாக இருந்தால் நல்லது: 'கெணத்துக்குள்ள யாரு இருப்பாங்க?', 'தவள ஏன் இப்பிடி முழிக்குது?' கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து நொடி மௌனம் பெரியவர்களுக்குத் தாங்காது, மூன்றாம் நொடியில் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு யோசிக்கவும் சொல்லைத் தேடவும் அந்த ஐந்து நொடி வேண்டும்.

தப்பான பதில் வந்தால்? கிணற்றைப் பார்த்து 'டேங்க்கு' என்றால், 'ஆமா, டேங்க் மாதிரியே தண்ணி இருக்கும். இது கெணறு' என்று போய்விடலாம். மாடியில் கறுப்பு டேங்க்கை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் தோன்றாது.

உட்காரும் விதம் சின்ன விஷயம்போல் தெரியும், பாதி வாசிப்பு கெடுவது அதில்தான். ஒரு பிள்ளை என்றால் மடியில், அல்லது தோளோடு தோளாக. எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்குப் புத்தகம் தலைகீழ். பக்கம் திருப்புவது பிள்ளையின் வேலை. ஒரு வயதுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குங்கள், கடிக்கத்தான் செய்யும். அந்த வயதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது, நாலு வயதில் கால் மணி நேரம் வரை போகும். எழுந்து போனால் விட்டுவிடுங்கள், இழுத்து உட்கார வைத்தால் அடுத்த நாள் புத்தகத்தைப் பார்த்ததுமே ஓடும். சோறு ஊட்டும் நேரத்தில் படிக்காதீர்கள். கை எச்சிலாக இருக்கும், திருப்ப முடியாது, வாயில் கவளம் இருக்கும் பிள்ளை பதில் சொல்ல முடியாது. கதை அங்கே சோற்றை உள்ளே தள்ளும் கருவியாகிவிடுகிறது.

அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி. வகுப்பிலோ படிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. சாதாரண அளவுப் படப் புத்தகத்தை எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. இருபது பேர் இருந்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி உதவியாளரோடு கட்டை அடுக்கட்டும். பிள்ளைகள் பாயில் அரைவட்டமாக, படிப்பவர் தாழ்வான முக்காலியில். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழலுருவமும் புத்தகத்தின் கறுப்புச் சதுரமும்தான் அவர்களுக்குத் தெரியும். வழவழப்பான தாளில் டியூப் லைட் பளிச்சிடும், புத்தகத்தின் மேல் விளிம்பை அரை அங்குலம் முன்னால் சாய்த்தால் சரியாகும். புத்தகத்தை மார்புக்கு எதிரே பிடிக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில், கீழ் நடுவில் ஒற்றைக் கையால் பிடியுங்கள். இப்படிப் பிடித்தால் ஓரக்கண்ணால்தான் வரி தெரியும், அதனால் முந்தின நாளே இரண்டு முறை சத்தமாகப் படித்துக்கொள்வது கட்டாயம். படித்த பிறகு படத்தை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக வீசினால் 'எனக்குத் தெரியல டீச்சர்' என்று ஆறு பேர் எழுந்து நிற்பார்கள், அதோடு அன்றைய கதை முடிந்தது.

'இதையே எத்தன தடவ?' என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு நல்ல சேதி. 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வார காலம் கதை படித்துக் காட்டினார்கள். சிலருக்கு அதே கதைகள் திரும்பத் திரும்ப, சிலருக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் இரண்டு பக்கமும் அதே எண்ணிக்கையில் காதில் விழுந்தன. அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள். காரணம் யோசித்தால் விளங்கும்: கதை தெரிந்துவிட்டால் மூளைக்குச் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கிறது. வீட்டில் முப்பது புத்தகம் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மூன்று நாலை மட்டும் எட்டும் உயரத்தில், அட்டை தெரிய வையுங்கள். முதுகு மட்டும் தெரியும்படி அலமாரியில் அடுக்கியவை எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு இல்லாத புத்தகங்கள்தான்.

எழுத்து எப்போது? பலர் முதலில் கேட்பதே இதைத்தான். படித்துக் காட்டும்போது குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்த ஆய்வுகளில், அது ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான் இருக்கிறது, எழுத்துக்குப் போவது எப்போதாவது. அதற்காக எல்லா வரிக்கும் அடியில் விரலை ஓட்டினால் படமும் போய், கதையும் போய்விடும். தலைப்பைப் படிக்கும்போது விரல் ஓட்டுங்கள். படத்துக்குள்ளே பெரிதாக 'தொபுக்கடீர்!' என்று எழுதியிருந்தால் அங்கே விரலை வையுங்கள். பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து எங்கேயாவது வந்தால், 'இது யாரோட எழுத்து?' என்று ஒரு தடவை கேளுங்கள். அவ்வளவுதான். தமிழில் மொத்தம் 247 எழுத்து, அதில் 'கெ', 'கே', 'கை'க்கு உயிர்க்குறி இடப்பக்கம் நிற்கும். ஒலியோ மெய்க்குப் பின்னால் வரும். 'கொ', 'கோ'வில் குறி இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் பிரித்துக் கற்றுத் தருவது பள்ளியின் வேலை, கதை நேரத்தில் அதற்கு இடமில்லை.

காதுக்கான விளையாட்டுக்கு மட்டும் தாராளமாக இடமுண்டு. ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்து, சொல்லின் கடைசி ஒலி ஒத்துப்போகும் சோடிகளைத் தேடச் சொல்லுகிறார்கள். நமக்கு அதைவிட இயல்பானது மோனையும் எதுகையும். தவளை, தட்டு, தம்பி, தண்ணி என்று முதலெழுத்தால் அடுக்கலாம். தட்டு, கட்டு, முட்டு, சொட்டு என்று இரண்டாம் எழுத்தால் அடுக்கலாம். அதைவிடச் சுவாரசியமானது, வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கச் செய்வது: பால் கீல், மாடு கீடு, தவள கிவள. முதல் ஒலியை உரித்துவிட்டு, குறிலென்றால் 'கி', நெடிலென்றால் 'கீ' ஒட்டவைக்கும் வேலை இது. நாலு வயதுப் பிள்ளை இதைத் தடுமாறாமல் செய்தால் ஒலியைப் பிரிக்கும் காது வந்துவிட்டது என்று பொருள். கிணற்றுக்கு வரும்போது பிள்ளை திணறும், 'கெணறு… கிணறு!' என்று சிரிக்கும். சிரிக்கட்டும்.

கைதட்டி எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. 'தவளை'க்கு மூன்று தட்டு, எழுத்தும் மூன்று. 'மரம்' என்பதற்கோ தட்டு இரண்டு, எழுத்து மூன்று. 'இருட்டு' மூன்று தட்டு, நாலு எழுத்து. புள்ளி வைத்த எழுத்து தனியாகத் தட்டு வாங்காது, முன்னாலிருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை 'ம-ரம்' என்று இரண்டு தட்டினால் அது சரி. 'மூணு எழுத்து இருக்கே' என்று திருத்தினால் காதையும் குழப்பி, கையையும் குழப்புவோம்.

புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும்: கடையில் நின்றபடியே மூன்று பக்கத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் கிடைக்கும் படப் புத்தகங்களில் கணிசமானவை மொழிபெயர்ப்பு. நல்ல மொழிபெயர்ப்பு நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். மோசமானதில் 'அவன் தனது கைகளை அவனது சட்டைப்பைகளுக்குள் வைத்தான்' என்று இருக்கும். ஒரு பையன் சட்டைப்பையில் கைவிட்டதற்கு இத்தனை சொல் தேவையா? சலசல, கடகட, குடுகுடு போன்ற இரட்டைக்கிளவி வரும் புத்தகம் என்றால் யோசிக்காமல் எடுங்கள். இன்னும் இரண்டு கண்ணில் படட்டும்: அலங்கார எழுத்துருவில் மெய்யின் புள்ளி காணாமல் போயிருக்கிறதா, நீளமான சொல் வரி முடிவில் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்கு இறங்கியிருக்கிறதா.

நேஷனல் புக் டிரஸ்டின் மலிவு விலைப் படப் புத்தகங்கள் தமிழில் உண்டு. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. அவற்றை ஒரு தடவைக்கு ஒரு மொழியில் முழுசாகப் படியுங்கள். வரிக்கு வரி இரண்டையும் படித்தால் எதிலும் கதை ஓட்டம் பிடிக்காது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. அங்கே 250 சொல்லுக்குக் குறைந்தவை முதல் நிலை, 250 முதல் 600 வரை இரண்டாம் நிலை. பிள்ளை தானே படிப்பதற்கான கணக்கு அது. நீங்கள் படித்துக் காட்டும்போது ஒரு நிலை மேலே போகலாம், காது எப்போதும் கண்ணுக்கு முன்னால் ஓடும். ஆனால் தமிழ்ச் சொல் நீளம். 600 சொல் தமிழ்க் கதை மூன்று வயதுக்கு இரண்டு நாள் கதை. போனில் காட்டிப் படிப்பதென்றால் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, படம் தானாகப் பேசும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது பேசினால் நீங்கள் பேச மாட்டீர்கள்.

கதை முடிந்ததும் 'இதிலேருந்து என்ன தெரியுது?' என்று கேட்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. கிணற்றில் குரல் கொடுத்த தவளைக்கு என்ன நீதி இருக்கிறது? பிள்ளைக்குத் தோன்றுவது வாளிக்குள் தலையை விட்டு 'யார் உள்ளே?' என்று கூப்பிட்டுப் பார்ப்பது. குளியலறையில் ஒரு வாளி கிடந்தால் கொடுத்துவிடுங்கள்.

பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு ஒரு நாள் பிள்ளை புத்தகத்தை எடுத்து, பொம்மையை எதிரே உட்கார வைத்து 'படிக்க' ஆரம்பிக்கும். பக்கங்கள் இரண்டிரண்டாகத் திரும்பும், விரல் வரிக்குச் சம்பந்தமில்லாமல் எங்கோ போகும், நடுவில் ஒரு யானை புதிதாக நுழையும். திருத்தாதீர்கள். தள்ளி உட்கார்ந்து வினைச்சொற்களை மட்டும் கேளுங்கள்: 'பார்த்தது', 'கேட்டது' என்று வருகிறதா என்று. வீடியோ எடுக்கப் போனை நீட்டினால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு, 'காட்டு, காட்டு' என்று ஓடி வந்துவிடும்.